ஒரு டாலர் வாடகை

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் கோடைக்காலம் முழுக்க இலவசமாக ஷேக்ஸ்பியர் நாடகம் போடுகிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த வாரம் முழுவதும் அதற்கே.

கேள்வி: நகராட்சி என்றால் குப்பை அள்ள வேண்டும், தண்ணீர் விட வேண்டும், விளக்குப் போட வேண்டும். நாடகக் கம்பெனிக்குப் பணம் கொடுப்பது எந்தக் கணக்கு?
— ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர், விருதுநகர்

பதில்: பூங்கா வைப்பதும் நூலகம் திறப்பதும் எந்தக் கணக்கோ அதே கணக்குதான். உங்கள் நகராட்சிப் பூங்காவில் உட்கார்ந்துபோக யாரிடமும் காசு கேட்கவில்லையே! நியூயார்க்கில் பண்பாட்டு விவகாரங்களுக்கென்றே 1976 முதல் நகர அரசில் தனித் துறை இருக்கிறது. பழக்கம் அதற்கும் மூத்தது. அங்கே உள்ள பெரிய அருங்காட்சியகங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே நகரத்தோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. நிலமும் கட்டடமும் நகரத்துக்குச் சொந்தம். உள்ளே இருக்கும் பொருளும் நடத்தும் பொறுப்பும் அருங்காட்சியகச் சங்கத்துக்குச் சொந்தம். நாடக அரங்குகளுக்கும் பின்னால் அதே ஏற்பாடு வந்தது.

கேள்வி: லாப நோக்கமில்லாத நாடகக் குழு என்றால் நடிகர்கள் சும்மா நடிப்பார்களா?
— கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: சும்மா நடித்தால் சோறு யார் போடுவார்கள்? நடிகருக்கும் தச்சருக்கும் தையல்காரருக்கும் விளக்குப் போடுகிறவருக்கும் சம்பளம் உண்டு; பல இடங்களில் தொழிற்சங்க ஒப்பந்தமே உண்டு. வருஷக் கடைசியில் மிச்சம் விழுந்தால் அதைப் பங்கு போட்டுக்கொள்ள முதலாளி என்று யாரும் கிடையாது. அது அடுத்த நாடகத்துக்குப் போகும். வித்தியாசம் அவ்வளவுதான். வணிக நாடகம் நடக்கும் பிராட்வேயில் முதலீட்டாளர் போட்ட பணத்தை எடுக்கப் பார்ப்பார். லாப நோக்கமற்ற அரங்கில் அறங்காவலர் குழு அடுத்த வருஷமும் கதவு திறந்திருக்குமா என்று பார்க்கும். பெரும்பாலான குழுக்களுக்கு டிக்கெட் பணம் செலவை எட்டாது. மீதிக்கு அறக்கட்டளை, நன்கொடையாளர், அரசு என்று மூன்று வாசலிலும் ஏறி இறங்குகிறார்கள்.

கேள்வி: சென்ட்ரல் பார்க் இலவச நாடகம் எப்படி ஆரம்பித்தது? நகர அரசே தொடங்கியதா?
— ஆங்கில ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: நகர அரசு முதலில் செய்தது தடுத்ததுதான்!

ஜோசப் பேப் என்று ஒருவர். புரூக்ளினில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பொது நூலகத்தில் ஷேக்ஸ்பியரைப் படித்து வளர்ந்தவர். நூலகத்தில் புத்தகம் இலவசமென்றால் நாடகமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1954இல் ஒரு தேவாலயக் கூடத்தில் சிறிய நாடகப் பட்டறையாகத் தொடங்கினார். 1956இல் கிழக்கு ஆற்றங்கரைப் பூங்காவின் திறந்த அரங்கில் போட்டார். 1957இல் ஒரு லாரியின் மேல் மேடை கட்டிக்கொண்டு நகரத்தின் பகுதி பகுதியாகச் சுற்றினார். லாரி சென்ட்ரல் பார்க்கில் குளத்தங்கரையோரம் பழுதாகி நின்றதாகவும், மேடை அங்கேயே தங்கிவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. நம்மூர்க் கூத்து ஜமா வண்டி அச்சு முறிந்த ஊரிலேயே ஆட்டத்தைப் போட்டுவிட்டுப் போகுமே, அது நினைவுக்கு வருகிறது.

அப்போது நகரப் பூங்காக்களுக்கு ஆணையர் ராபர்ட் மோசஸ். பாலங்களும் நெடுஞ்சாலைகளும் கட்டி நியூயார்க்கின் முகத்தையே மாற்றியவர். மேயர்களே அவருக்குப் பயந்தார்கள். 1959இல் அவர் ஓர் உத்தரவு போட்டார்: பார்வையாளர்கள் மிதித்துப் புல் வீணாகிறது, ஆளுக்கு ஒரு டாலரோ இரண்டு டாலரோ கட்டணம் வசூலித்தால்தான் அனுமதி. பேப் மறுத்தார். காசு வாங்கினால் யாருக்காகப் போடுகிறேனோ அவர்கள் வரமாட்டார்கள் என்றார். கையில் பணமில்லாத ஆள் நகரத்தின் மிகப் பெரிய அதிகாரி மேல் வழக்குப் போட்டார். முதல் நீதிமன்றத்தில் தோற்றார். மேல்முறையீட்டில், கட்டணம் வசூலிக்கச் சொன்னது நியாயமற்ற கட்டாயம் என்று தீர்ப்பு வந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. தோற்ற மோசஸ் தாமே முன்வந்து, அதே பூங்காவில் நிரந்தர அரங்கு கட்ட நகரத்திடம் பணம் கேட்டார். பதிப்பாளர் ஜார்ஜ் டெலகார்ட்டும் நன்கொடை கொடுத்தார். 1962 ஜூனில் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தோடு டெலகார்ட் அரங்கு திறந்தது. அன்றிலிருந்து 50 லட்சம் பேருக்கு மேல் அங்கே காசு கொடுக்காமல் நாடகம் பார்த்திருக்கிறார்கள். அரங்கு நகரத்தின் சொத்து, நாடகம் பேப் தொடங்கிய குழுவின் பொறுப்பு. அண்மையில் அந்த அரங்கைச் சுமார் 8.5 கோடி டாலர் செலவில் புதுப்பித்து 2025 ஆகஸ்டில் மறுபடி திறந்தார்கள். ஏறக்குறைய பாதி நகரத்தின் பணம்.

கேள்வி: மானியம் என்றாலே காசோலைதானே? வேறு எப்படி உதவ முடியும்?
— வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: காசோலை முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் ஒரு நகரம் நாடகக்காரர்களுக்குக் கொடுக்கக்கூடிய பெரிய கொடை கூரைதான்.

இருபது வயதில் நான் ஒரு நாடகக் குழுவில் இருந்தேன். ஒத்திகைக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் மொட்டை மாடிப்படிக்குக் கீழே இருந்த கூடத்தைக் கெஞ்சி வாங்கியிருந்தோம். வாட்ச்மேன் நல்ல மனிதர். ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருந்தார்களே. சரியாக எட்டரைக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். எங்களில் பாதிப் பேர் வேலை முடிந்து வந்து சேரவே ஏழேமுக்கால் ஆகும். மூன்றாம் காட்சியை நாங்கள் ஒருமுறைகூட விளக்கில் ஒத்திகை பார்த்ததில்லை. தெருவிளக்கு வெளிச்சம் ஜன்னல் கம்பி வழியாகக் கோடு கோடாக விழும். அதில் யார் முகம் யாருடையது என்று குரலை வைத்துத்தான் தெரியும். அந்தக் குழு நாலு வருஷத்தில் கலைந்தது. நடிகர்கள் சண்டை போட்டுப் பிரியவில்லை, இடமில்லாமல் பிரிந்தோம். இன்றைக்கும் யாராவது கலைக்கு எவ்வளவு மானியம் என்று பேசினால் எனக்கு முதலில் அந்த மெயின் சுவிட்சின் சத்தம்தான் கேட்கும்.

இப்போது நியூயார்க்கைப் பாருங்கள். பேப் 1960களின் நடுவில் பழைய ஆஸ்டர் நூலகக் கட்டடத்தைப் பிடித்தார். இடிக்கவிருந்த கட்டடம், புதிதாக வந்த தொன்மைச் சின்னப் பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றியது. அங்கே அவர் குழுவின் பப்ளிக் தியேட்டர் வந்தது. 1967இல் 'ஹேர்' இசை நாடகம் முதன்முதலில் அங்கேதான் மேடையேறியது. ஆனால் கடன் கழுத்தை நெரித்தது. 1971இல் நகர அரசு கட்டடத்தை விலைக்கு வாங்கி, அதே குழுவுக்குத் திருப்பிக் குத்தகைக்குக் கொடுத்தது. வாடகை, வருஷத்துக்கு ஒரு டாலர்.

மன்ஹாட்டனில் ஒரு டாலருக்கு ஒரு டீகூடக் கிடைக்காது. வாடகை கவலை போனதும் குழு புதிய எழுத்தாளர்களுக்கு இடம் கொடுத்தது; ஓடுமா ஓடாதா என்று தெரியாத நாடகங்களைப் போட்டது. அதிலிருந்து 1975இல் 'எ கோரஸ் லைன்' வந்தது. 2015இல் 'ஹாமில்டன்' வந்தது.

அதே வட்டாரத்தில் கிழக்கு 4ஆம் தெரு என்று ஒரு சிறிய தெரு. எலன் ஸ்டூவர்ட் 1961இல் தொடங்கிய லா மாமா அரங்கு அங்கே இருக்கிறது. நகர அரசு தன் கையிலிருந்த கட்டடங்களில் சிலவற்றை 2000களின் நடுவில் அந்தத் தெருவின் கலைக் குழுக்களுக்கே தலா ஒரு டாலருக்கு விற்றது. 'ரென்ட்' என்ற இசை நாடகம் 1996இல் அதே தெருவில் உள்ள நியூயார்க் தியேட்டர் வொர்க்‌ஷாப்பில்தான் முதலில் வந்தது. பெயரே வாடகை! வாடகை கொடுக்க வழியில்லாத கலைஞர்களின் கதை.

கேள்வி: மொத்தம் எவ்வளவு செலவழிக்கிறார்கள்? அந்தப் பணத்தில் மருத்துவமனை கட்டலாமே?
— பெயர் வேண்டாம், சேலம்

பதில்: 2025 ஜூலையில் தொடங்கிய நிதியாண்டுக்கு நியூயார்க் நகரத்தின் மொத்த பட்ஜெட் சுமார் 11,590 கோடி டாலர். அதில் பண்பாட்டுத் துறைக்குச் சுமார் 30 கோடி. நாடகம், இசை, நடனம், அருங்காட்சியகம், தாவரவியல் பூங்கா, உயிரியல் பூங்கா எல்லாம் அதற்குள் அடக்கம். இதுதான் அந்தத் துறைக்கு இதுவரை கிடைத்ததில் பெரிய தொகை என்று கொண்டாடினார்கள். நூறு டாலரில் ஏறக்குறைய கால் டாலர். அந்தக் கால் டாலரைப் பிடுங்கினால் மருத்துவமனை எழும்பாது. பல அரங்குகளில் விளக்கு அணையும், அது நிச்சயம்.

கேள்வி: யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது கவுன்சிலரா? அப்படியென்றால் கதை எனக்குத் தெரியும்.
— நாடக நடிகர், மதுரை

பதில்: பாதி தெரியும், பாதி தெரியாது. பண்பாட்டு வளர்ச்சி நிதி என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் குழுக்கள் விண்ணப்பம் போட வேண்டும். துறை தெரிந்தவர்கள் கூடிப் படித்துப் பார்த்து மதிப்பிடுவார்கள். நகர மக்களுக்கு இந்தக் குழு என்ன தருகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. சொந்தக் கட்டடம் இல்லாத, வருஷத்துக்கு இரண்டு நாடகம் போடும் சிறு குழுவும் இதில் பணம் வாங்கலாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட அமைப்புகளுக்கு இதன்வழி உதவி போகிறது.

நகர மன்ற உறுப்பினர்கள் 51 பேருக்கும் தனியே ஒதுக்கீடு உண்டு. பள்ளி விட்டபின் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்க, முதியோர் மையங்களில் கலைஞர்களை வைத்து வகுப்பு நடத்த அதிலிருந்து கொடுக்கிறார்கள். நீங்கள் சந்தேகப்படும் செல்வாக்கு விளையாட இடம் இருக்கிறது. ஆனால் எந்த உறுப்பினர் எந்த அமைப்புக்கு எத்தனை டாலர் கொடுத்தார் என்பது அச்சில் வெளியாகிறது. யார் வேண்டுமானாலும் பார்த்துக் கேள்வி கேட்கலாம்.

கேள்வி: பணம் கொடுக்கிற கை, வாயைப் பொத்தாதா?
— வழக்கறிஞர், நாகர்கோவில்

பதில்: பொத்தப் பார்த்திருக்கிறது. 1999இல் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் மேரி மாதாவைப் பற்றிய ஓர் ஓவியம் தமக்குப் பிடிக்கவில்லை என்று மேயர் ரூடி ஜூலியானி நகரத்தின் பணத்தை நிறுத்தினார். கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லியும் வழக்குப் போட்டார். அருங்காட்சியகம் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனது. கருத்துக்காகப் பணத்தை நிறுத்துவது பேச்சுரிமைக்கு எதிரானது என்று நீதிபதி நிறுத்திவைத்தார். நீங்கள் வழக்கறிஞர் என்பதால் சொல்கிறேன்: அந்தத் தீர்ப்புதான் அந்த ஊர் நாடகக்காரர்கள் எல்லோருக்கும் வேலி.

2017இல் இன்னொன்று நடந்தது. டெலகார்ட் அரங்கில் 'ஜூலியஸ் சீசர்'. சீசருக்கு அன்றைய குடியரசுத் தலைவர் டிரம்ப்பின் சாயலில் உடையும் தலைமுடியும். கூச்சல் கிளம்பியது. டெல்டா விமான நிறுவனம் ஆதரவை விலக்கிக்கொண்டது. பேங்க் ஆஃப் அமெரிக்கா அந்த நாடகத்துக்கான பணத்தை நிறுத்தியது. நகர அரசு நிறுத்தவில்லை. கலைத் தீர்மானத்துக்காக நிதியை வெட்டுவதாக மிரட்டுவது தணிக்கைக்குச் சமம் என்று நகரத்தின் பண்பாட்டு ஆணையர் வெளிப்படையாகச் சொன்னார். தனியார் ஆதரவு இருந்தால் சுதந்திரம், அரசுப் பணம் வந்தால் அடிமைத்தனம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தக் கோடையில் நின்றது யார், ஓடியது யார் என்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி நாடகத்துக்குத் திரைச்சீலை வாங்கக் காசில்லை. அங்கே இதற்கெல்லாம் என்ன செய்கிறார்கள்?
— தலைமையாசிரியை, பட்டுக்கோட்டை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் குவீன்ஸ் பகுதியில் உள்ள ஒரு கிடங்குதான் கண்முன் வந்தது. 'மெட்டீரியல்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸ்' என்று பெயர். 1978இல் நகரப் பண்பாட்டுத் துறையில் வேலை பார்த்த ஒரு கலைஞரிடம், உயிரியல் பூங்காவில் விலங்குகளுக்கான மருந்தை வைக்க ஒரு குளிர்ப்பெட்டி தேவை என்று சொன்னார்கள். அவர் வானொலியில் கேட்டார். வேண்டிய அளவுக்கு மேல் பெட்டிகள் வந்துவிட்டன! வேண்டாதவர் கையில் இருப்பதை வேண்டியவர் கையில் சேர்த்தால் என்ன என்ற யோசனை அதிலிருந்து பிறந்தது.

இன்றைக்கு அந்தக் கிடங்கில் துணிச்சுருள், பெயிண்ட் டப்பா, பொத்தான் மூட்டை, நாற்காலி, படப்பிடிப்பு முடிந்து கழற்றிய செட் பலகை என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். லாப நோக்கமற்ற கலைக் குழுக்களும் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் நேரம் வாங்கிக்கொண்டு போய், தள்ளுவண்டியில் வேண்டியதை எடுத்துவரலாம். காசு கிடையாது. நகரத்தின் துப்புரவுத் துறையும் இதில் கூட்டாளி, ஏனென்றால் குப்பைமேட்டுக்குப் போகவேண்டியதுதான் மேடைக்குப் போகிறது. உங்கள் ஊரில் துணிக்கடைகள் எத்தனை இருக்கின்றன! கழித்துப் போட்ட துண்டு ஒன்று உங்கள் திரைச்சீலை ஆகாதா? கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பெரிய அரங்குகளே எல்லாவற்றையும் சுருட்டிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேனே?
— வாசகர், வேலூர்

பதில்: சுருட்டிக்கொள்வது என்பது கடுமையான சொல். ஆனால் குறை நியாயமானது. நகரத்தின் கட்டடங்களில் இருக்கும் 30க்கு மேற்பட்ட பெரிய நிறுவனங்களுக்கு மின்கட்டணம் உட்படத் தனி உதவி. பண்பாட்டுத் துறையின் பணத்தில் பெரும் பங்கு அவர்களுக்குப் போய்விடுகிறது. மீதியை ஆயிரம் பேர் பிரித்துக்கொள்கிறார்கள். பப்ளிக் தியேட்டர் அந்தப் பெரிய வரிசையில் இருக்கிறது, அது உரிமையோடு பெற்ற இடம். ஆனால் பிராங்ஸில் ஒரு அடித்தளக் கூடத்தில் நாடகம் போடும் குழுவுக்குச் சில ஆயிரம் டாலர்தான்.

தாமதம் இன்னொரு நோவு. நிதியாண்டு ஜூலையில் தொடங்கும். யாருக்கு எவ்வளவு என்று தெரியவே மாதங்கள் ஆகும். பிறகு ஒப்பந்தம் எழுத வேண்டும், அது பதிவாக வேண்டும், பிறகுதான் பணம். அதற்குள் நாடகம் மேடையேறி இறங்கியிருக்கும். சேமிப்பு உள்ள நிறுவனம் காத்திருக்கும். சின்னக் குழுவின் இயக்குநர் கடன் அட்டையைத் தேய்ப்பார். உரிய காலத்தில் வராத மானியம் பாதி மானியம்தான் என்று அந்த நகரத்தவர்களே சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். நானும் சேர்ந்து சொல்கிறேன்.

கேள்வி: 'ஹாமில்டன்' கோடி கோடியாகச் சம்பாதித்ததே! அப்புறம் எதற்கு வரிப்பணம்?
— பட்டயக் கணக்காளர், சென்னை

பதில்: கணக்கு நீங்கள் அறிவீர்கள்: ஒரு வருஷ விளைச்சலை நம்பி விதை நெல்லை விற்க முடியுமா? 'எ கோரஸ் லைன்' பிராட்வேயில் 1990 வரை 6,137 காட்சிகள் ஓடி, பப்ளிக் தியேட்டரைப் பல வருஷம் தாங்கியது. அப்படி ஒன்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பெரிய வெற்றிகளுக்கு இடையே 40 வருஷம்! 'ஹாமில்டன்' கொடுத்த அதே பப்ளிக் தியேட்டர் 2023 ஜூலையில் ஊழியர்களில் 19 சதவீதம் பேரை வேலையிலிருந்து நிறுத்தியது. பெருந்தொற்றுக்குப் பிறகு கூட்டம் முழுதாகத் திரும்பவில்லை, செலவு ஏறிவிட்டது. 2025 மே மாதம், கூட்டரசின் தேசிய கலை நிதியம் ஏற்கெனவே அறிவித்திருந்த மானியங்களை நாடு முழுவதும் ஏராளமான அமைப்புகளுக்கு ரத்து செய்தது. மேலே ஒரு கை விலகும்போது பக்கத்தில் இருக்கும் நகரத்தின் கைதான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: மற்ற ஊர்களில்?
— வாசகி, ஈரோடு

பதில்: சான் பிரான்சிஸ்கோ 1961 முதல் ஓட்டல் அறை வரியிலிருந்து கலைக்குக் கொடுக்கிறது, வந்து தங்கும் விருந்தாளி பார்க்க ஊரில் ஏதாவது இருக்க வேண்டுமே! டென்வர் வட்டாரத்தில் 1988இல் மக்களே ஓட்டுப் போட்டு ஒரு விற்பனை வரிக்கு ஒப்புக்கொண்டார்கள். பத்து டாலருக்குப் பொருள் வாங்கினால் அதில் ஒரு சென்ட் கலைக்கும் அறிவியலுக்கும் போகும். வரி வேண்டும் என்று ஓட்டுப் போட்ட ஊர், அதைச் சிறப்பாகவே சொல்ல வேண்டும்.

கேள்வி: இதெல்லாம் வெள்ளைக்காரர் ஊருக்குச் சரி. நமக்கு ஏது இந்த வழக்கம்?
— நாடகப் பிரியர், திருவல்லிக்கேணி

பதில்: சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ரிப்பன் மாளிகையை ஒட்டிச் செங்கல் நிறத்தில் ஒரு கட்டடம் நிற்கிறதே, விக்டோரியா பப்ளிக் ஹால், அது எப்படி வந்தது? சென்னை மாநகராட்சி நிலத்தை மிகக் குறைந்த வாடகைக்கு 99 வருஷக் குத்தகையாகக் கொடுத்தது. ஊர்ப் பெரியவர்கள் பணம் திரட்டிக் கட்டினார்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அந்த மேடையில்தான் நாடகம் நாடகமாகப் போட்டது. நியூயார்க் ஒரு டாலர் வாடகையை யோசிப்பதற்கு முக்கால் நூற்றாண்டுக்கும் முன்னால்! வழக்கம் நமக்கும் இருந்தது. நடுவில் விட்டுவிட்டோம்.

கேள்வி: என் மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அடுத்த கோடையில் போகிறேன். அந்த இலவச நாடகத்தைப் பார்க்க என்ன செய்ய வேண்டும்?
— இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: பூங்கா காலை ஆறு மணிக்குத் திறக்கும். திறந்ததும் போய் வரிசையில் உட்காருங்கள். ஒரு போர்வை, தண்ணீர், இட்லி பொட்டலம் எடுத்துப் போங்கள். பக்கத்தில் இருப்பவர்களும் காலைச் சாப்பாட்டோடுதான் வந்திருப்பார்கள். டிக்கெட் மதியம் பன்னிரண்டுக்குத் தருவார்கள், ஆளுக்கு இரண்டு. மகளுக்கும் சேர்த்தே வாங்கிவிடலாம். நான் போன அன்று எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர். பையிலிருந்து நாடகப் புத்தகத்தை எடுத்து, விரலால் வரி பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக வருகிறாராம். சாயங்காலம் மேடைக்குப் பின்னால் குளமும் அதற்கு மேலே சின்னக் கோட்டையும் தெரியும். சில நாட்களில் ரக்கூன் ஒன்று மேடையின் குறுக்கே நடந்துபோகும், நடிகர்கள் நிற்கமாட்டார்கள். மழை வந்தால் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள். தூறல் விட்டதும் ஆட்கள் துணியோடு ஓடிவந்து தரையைத் துடைப்பார்கள்; விட்ட இடத்திலிருந்து வசனம் தொடங்கும்.